தொலைவு ஒன்று, நேரம் பல

தமிழில் 'நாழிகைவழி' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்துக்குள் ஒருவன் கால்நடையாகச் செல்லக்கூடிய தொலைவே ஒரு நாழிகைவழி. ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை நேரத்தைக் கொண்டே அளந்தனர் தமிழ் முன்னோர். இதனால் அவர்களுக்குக் குழப்பம் ஏதும் நேரவில்லை. நடப்பவனுடைய வேகம் இன்றும் நாளையும் ஏறத்தாழ ஒன்றே. போகும்போதும் திரும்பும்போதும் ஒன்றே. ஆகவே நேரத்தைச் சொன்னாலும் தூரத்தைச் சொன்னாலும் பொருள் ஒன்றாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறையினரும் கடலின் அகலத்தை மைலில் சொல்லவில்லை. இத்தனை நாள் கடல் என்றே சொன்னார்கள்.

ஆகாய விமானம் இந்தப் பழைய உறவை அறுத்துவிட்டது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஒன்றே. ஆனால் அதனைக் கடக்கும் நேரம் போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று. மார்கழியில் ஒன்று, ஆடியில் வேறொன்று. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாலோ அது முற்றிலும் புதிதாக மற்றொன்று. மகளை மேற்படிப்புக்கு அமெரிக்காவுக்கு வழியனுப்பிவிட்டு வரும் பெற்றோர், பயணச் சீட்டில் 'இரவு 11.30 புறப்பாடு, காலை 6.00 வருகை' என்று கண்டு, ஆறரை மணி நேரத்தில் மகள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எண்ணிக் காத்திருப்பதும், விடிந்து நண்பகலாகியும் செய்தி வராமற் கலங்குவதும் இயல்பே. இங்கே கணக்குத் தவறவில்லை. எதை எதிலிருந்து கழிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

இதனை விளக்குவதற்குச் சிங்கப்பூர்–நியூயார்க் வழியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 2004ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம், நியூயார்க் நகரை ஒட்டிய நியூவார்க் நிலையத்துக்கு இடையில் எங்கும் நில்லாத சேவையைத் தொடங்கிற்று. நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானம் அதற்குப் பயன்பட்டது. எரிபொருட்செலவு கட்டுப்படியாகாமல் 2013ஆம் ஆண்டு நவம்பரில் அச்சேவை நின்றது. இரண்டே எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 வகையின் நெடுந்தூர விமானம் வந்தபின், 2018ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் நேர்ச் சேவை ஏற்பட்டது. அன்று உலகில் நடைபெற்ற இடைநில்லாப் பயணிகள் சேவைகளில் மிக நீண்டது அதுவே. சாங்கி நிலையத்துக்கும் கென்னடி நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு 15,349 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது.

இந்த எண் எப்படி வந்தது? யாரும் நாடாவைப் பிடித்து அளக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் கொண்டே இதனைக் கண்டுவிடக்கூடும் என்பதுதான் வியப்பு.

சுவரில் தொங்கும் பொய்

முதலில் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைக் காண்க. சிங்கப்பூரில் ஒரு குண்டூசி, நியூயார்க்கில் ஒரு குண்டூசி குத்தி, இடையே நூலை நேராகக் கட்டுக. படம் பழைய மெர்கேட்டர் முறையில் அமைந்ததானால், அந்நூல் மேற்கு நோக்கிச் சற்றே வடக்காகச் சாய்ந்து, இலங்கைத் தீவின்மேல் ஏறி, அரபிக் கடலைக் கடந்து, ஏமன் நாட்டையும் சஹாரா பாலைவனத்தையும் தாண்டி, கனேரித் தீவுகளின் அருகே அட்லாண்டிக் கடலில் இறங்கி நியூயார்க்கைச் சேரும். பார்வைக்கு இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் இவ்வழியே உண்மையாகவே பறந்தால் தொலைவு ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் ஆகும். குறுகிய வழியைவிட மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மிகுதி. விமானத்துக்கு அது மூன்றரை மணி நேர வேலை.

கெரார்டஸ் மெர்கேட்டர் 1569ஆம் ஆண்டில் இப்படத்தை வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டியின் முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு செல்லும் கப்பலின் வழி, அவர் படத்தில் நேர்கோடாக விழும். கடலோடிகளுக்கு அது பெரிய உதவி. அதற்குக் கொடுத்த விலை, துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நிலப்பரப்பும் தொலைவும் ஊதிப் பெருத்துப் போனமை. வடதுருவம் அப்படத்தில் இடம்பெறவே இயலாது. மாலுமிக்கு மெய்யாக இருந்த படம் வகுப்பறையில் நேர்கோட்டுக்குப் பொய்ச்சாட்சி சொல்கிறது. 'சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எந்தத் திசையில் உள்ளது?' என்ற வினாவுக்கு ஒரு மாணவன் 'வடக்கு' என்று எழுதினால், அதைச் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர் பலர். அடிபட்ட விடைதான் சரியான விடை.

இப்போது படத்தை விட்டுப் பூகோள உருண்டைக்கு வருக. அதே நூலை இரண்டு ஊர்களின் மீதும் வைத்து இழுத்து இறுக்கினால், யாரும் வழி சொல்லாமலே நூல் தானாகச் சறுக்கித் தன் குறுகிய வழியைத் தேடிக்கொள்ளும். அது மேற்கே போகாது, கிழக்கேயும் போகாது. நேரே வடக்கே ஏறி, தாய்லாந்துக் குடாவைக் கடந்து, லாவோஸ், சீனம், மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைத் தாண்டி, வடதுருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் நெருங்கிச் சென்று, மறுபுறம் கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரமாகவும் பாஃபின் தீவு, கியூபெக் வழியாகவும் இறங்கி நியூயார்க்கை அடையும். உருண்டையின் நடுவே மையத்தைத் தொட்டு வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டைமேல் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட குறுகிய வழி எப்போதும் அவ்வட்டத்தின் ஒரு துண்டே. பூகோள உருண்டை இல்லாத பள்ளியாயின் ஒரு பம்ளிமாஸ் பழமும் ஒரு முழம் நூலும் போதும். பாடம் முடிந்தபின் பழத்தையும் பகிர்ந்து கொள்ளலாம்.

தொலைவைக் கணக்கிடும் முறை பின்வருமாறு. சாங்கி நிலையம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 1 பாகை 22 கலையில் உள்ளது. ஆகவே அங்கிருந்து வடதுருவம் 90 பாகையில் இதனைக் கழித்த மிச்சம், அதாவது 88 பாகை 38 கலை. கென்னடி நிலையம் வடக்கே 40 பாகை 38 கலையில் உள்ளது; அங்கிருந்து துருவத்துக்கு 49 பாகை 22 கலை. இரண்டையும் கூட்டுக. விடை 138 பாகை, மிச்சமில்லாமல்.

இப்படித் துருவம் வரை சென்று மறுபக்கம் இறங்குவதாகக் கூட்டலாமா என்று கேட்கலாம். கூட்டலாம், ஏனெனில் சாங்கி கிழக்கே 103 பாகை 59 கலைத் தீர்க்கரேகையில் உள்ளது, கென்னடி மேற்கே 73 பாகை 47 கலையில் உள்ளது. இரண்டும் சேர்ந்தால் 177 பாகை 46 கலை. உலகின் நேர் எதிர்ப்பக்கம் 180 பாகை. அதற்கு இரண்டேகால் பாகையே குறைவு. ஆகவே துருவத்தின் உச்சியில் ஏறி இறங்குவதும் குறுகிய வழியே செல்வதும் நடைமுறையில் ஒன்றே ஆகின்றன.

இனி 138 பாகையைக் கிலோமீட்டராக்க வேண்டும். இங்கே பிரெஞ்சுப் புரட்சிக்கு நன்றி சொல்ல வேண்டும். வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கே ஒரு மீட்டர் என்று அந்நாளைய அறிஞர் வகுத்தனர். அதற்காக 1792ஆம் ஆண்டில் டெலாம்பர், மெஷேன் என்னும் இருவர் புறப்பட்டு, டன்கர்க் முதல் பார்சலோனா வரை பூமியை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். அவர்கள் உழைப்பின் பயனாக 90 பாகைக்கு 10,000 கிலோமீட்டர் என்ற எளிய வாய்பாடு கிடைத்தது. 138ஐ 10,000 ஆல் பெருக்கி 90 ஆல் வகுத்தால் 15,333. வெளியிடப்பட்ட எண் 15,349. பூமி முழு உருண்டை அன்று, துருவங்களிற் சற்றே தட்டையானது என்பதனால் வரும் சிறு வேற்றுமையே இந்தப் பதினாறு கிலோமீட்டர். நாலாயிரம் மைல் ஆரமுள்ள உலகத்தை ஒரு பென்சிலால் அளந்து, ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழையோடு விடை காண்பது சிறு செயல் அன்று.

எல்லா ஊர்களுக்கும் இக்குறுக்கு வழி பொருந்தாது. கோலாலம்பூரும் லண்டனும் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இல்லை. அங்கே துருவத்தைச் சுற்றினால் வீண் தூரம். கோண முக்கோணவியல் கற்ற ஆசிரியர் கொசைன் விதியால் 95 பாகை 22 கலை என்று கண்டு, ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர் எனக் கூறுவர். மற்றவர்க்கு நூலே போதும். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் நூல் என்பது 425 கிலோமீட்டர் என்று நினைவில் வைத்தால் எந்த இரு ஊர்களுக்கும் விடை கிடைத்துவிடும்.

குறுகிய வழியில் யார் பறக்கிறார்கள்?

தொலைவு தெரிந்தாயிற்று, வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுமே என்று தோன்றும். இத்தகைய விமானம் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 85 பங்கு வேகத்திற் பறப்பது. பத்து, பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் குளிர் சுழிக்குக் கீழே 56 பாகை அளவில் இருக்கும். அங்கே ஒலி மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான் செல்லும். அதில் 85 பங்கு, ஏறத்தாழ 900. ஆகவே 15,349ஐ 900 ஆல் வகுத்தால் 17 மணி நேரமும் சில நிமிடமும். ஓடுபாதை நோக்கி ஊர்ந்து செல்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் அரைமணி முக்கால்மணி சேர்க்கலாம். ஆனால் கால அட்டவணைகளில் இப்பயணத்துக்கு 18 மணி முதல் 19 மணி வரை காணப்படுகிறது. மிச்சம் எங்கே போயிற்று?

விடை இரண்டு. ஒன்று மனிதன் வகுத்த எல்லை, மற்றொன்று காற்று.

வானத்தில் கோடில்லை என்பது கவிஞர் கூற்று; விமானிக்கு அங்கும் எல்லைகள் உண்டு. குறுகிய வழியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு சீனம், மங்கோலியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் மேலும் அவற்றுக்கு வடக்கேயுள்ள உறைகடலின் மேலும் அமைகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் வான்வெளி மேலை நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. ஆகவே ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் 1957ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியபோது, வடதுருவத்தின் மேலேறி அலாஸ்காவின் ஆங்கரேஜில் நின்று எரிபொருள் நிரப்பிச் சென்றது. ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நில்லாமற் பறந்தது. அதுவும் சோவியத் நாட்டைச் சுற்றித் துருவ வழியேதான். பதின்மூன்று மணி நேரம் பிடித்தது. பின்னர் வான்வெளி திறந்தபோது அதே பயணம் ஒன்பதரை மணியளவாகச் சுருங்கிற்று. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வான்வெளி அடைபட்டது. ஃபின்ஏர் மீண்டும் துருவத்தைச் சுற்றியது. மீண்டும் பதின்மூன்று மணி. ஹெல்சிங்கியும் டோக்கியோவும் ஓரங்குலமும் நகரவில்லை. நாற்பதாண்டுக் கால முன்னேற்றத்தை ஓர் அரசியல் முடிவு ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பூகோள ஆசிரியரும் சரித்திர ஆசிரியரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்தத் தக்க இடம் இது.

காற்றின் கதை இதனினும் சுவையானது. 1920களில் ஜப்பானில் தாத்தெனோ என்னுமிடத்தில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்தின் தலைவர் வசாபுரோ ஓயிஷி, சிறு பலூன்களைப் பறக்கவிட்டு அவை மேலே எவ்வாறு அடித்துச் செல்லப்படுகின்றன என்று பார்த்துக் குறித்து வந்தார். மேலே உயர உயர மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று புயலினும் கடுமையாக இருப்பதைக் கண்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு 1926ஆம் ஆண்டில் தம் முடிவுகளை எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். விளைவு, படித்தவர் மிகச் சிலரே. 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான்மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டு விமானங்கள் இந்தக் காற்றில் மோதியபோதுதான் மேலை நாட்டார் அதனை நேரில் அறிந்தனர். எந்த மொழியில் எழுதினால் யார் படிப்பார் என்ற கவலை தமிழில் அறிவியல் எழுதுவோருக்கும் புதிதன்று.

இதனையே ஜெட் காற்றோட்டம் என்பர். பூமத்திய ரேகைப் பக்கத்து வெப்பக் காற்றும் துருவப் பக்கத்துக் குளிர்காற்றும் சந்திக்கும் இடங்களில், பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, ஆறு போல வளைந்து வளைந்து மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவது. வெப்பத்துக்கும் குளிருக்கும் வேற்றுமை மிகும் குளிர்காலத்தில் இதன் வலிமையும் மிகும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் வாஷிங்டன் நகருக்கு மேலே இதன் வேகம் மணிக்கு 265 மைல், அதாவது 426 கிலோமீட்டர் என்று பதிவாகியது. அன்று அவ்வழியே கிழக்கு நோக்கிச் சென்ற பயணிகள் விமானம் ஒன்று தரையைப் பொறுத்து மணிக்கு 800 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எட்டிற்று. அது ஒலியை விஞ்சிவிட்டதாகச் சிலர் எண்ணினர், அது பிழை. ஓடும் ஆற்றில் துடுப்பு வலிப்பவனைப் போல, தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து விமானம் வழக்கமான வேகத்திலேதான் சென்றது. காற்று அதனைச் சுமந்து சென்றது.

ஆதலின் விமானத்துக்கு வழி வகுப்போர் குறுகிய தூரத்தைத் தேடுவதில்லை. குறுகிய நேரத்தைத் தேடுகின்றனர். காற்றில்லா வழியில் 15,300 கிலோமீட்டரை 900 வேகத்தில் கடக்க 17 மணி ஆகும். பின்னிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தள்ளும் வழி 16,600 கிலோமீட்டர் நீண்டதானாலும், வேகம் 1,000 ஆவதால் 16 மணி 36 நிமிடமே பிடிக்கும். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியவன் இருபத்து நான்கு நிமிடம் முன்னதாக வந்து சேர்கிறான்! இதனாலேயே சிங்கப்பூரிலிருந்து செல்லும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, ஜப்பானை அடுத்து வடபசிபிக்கைக் கடந்து அமெரிக்காவை அடைகிறது. திரும்பும்போது, பல நாள்களில், வந்த வழியே வராமல் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து, மீண்டும் கிழக்கு நோக்கியே வருகிறது. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு. அவ்வகையில் ஒருவர் நியூயார்க் சென்று திரும்பினால் உலகை ஒருமுறை வலம் வந்தவர் ஆகிறார். பலர் அதனை அறியாமலே வீடு திரும்புகின்றனர்.

பயிற்சிக் கணக்குகளில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். 'போகும்போது பின்காற்று 100, வரும்போது எதிர்க்காற்று 100. ஆகவே ஒன்றையொன்று ஈடுசெய்யும், சராசரி 900' என்று எழுதுவர். ஈடுசெய்யாது. 15,300ஐ 1,000 ஆல் வகுத்தால் 15 மணி 18 நிமிடம். 800 ஆல் வகுத்தால் 19 மணி 7½ நிமிடம். மொத்தம் 34 மணி 25½ நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 34 மணி மட்டுமே. எதிர்க்காற்றில் விமானம் நெடுநேரம் அகப்பட்டுக் கிடக்கிறது, பின்காற்றின் உதவியோ குறைந்த நேரமே கிடைக்கிறது. எனவே நட்டமே மிஞ்சுகிறது. வேகங்களைக் கூட்டிப் பாதியாக்குதல் ஆகாது. நேரங்களையே கூட்ட வேண்டும்.

இந்த நிமிடங்களுக்காக நிறுவனங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன? எரிபொருளுக்காகவே. அந்நெடுந்தூர ஏ350 விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளக்கூடியது. அதன் எடை ஏறத்தாழ 130 டன். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை மிகுந்த அளவாக 280 டன். அதாவது தூக்கிச் செல்லும் பாரத்தில் பாதியளவு எரிபொருளே. பயணத்தின் கடைசி மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெயை முந்திய பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டும்; சுமப்பதற்கும் எண்ணெய் எரியும். ஆகவே 161 இருக்கைகள் மட்டுமே அதில் அமைத்தனர். எண்ணெய் எரிந்து பாரம் குறையக் குறைய விமானம் படிப்படியாக மேலும் உயரே ஏறிக்கொள்கிறது.

கடிகாரம் சொல்லும் கணக்கு

இனிப் பெற்றோரைக் கலங்கச் செய்த அந்த ஆறரை மணி நேரத்துக்கு வருவோம். கணக்குக்காகப் பயணம் பதினெட்டரை மணி என்று வைத்துக்கொள்க. திங்கள் இரவு 11.30க்குச் சிங்கப்பூரில் புறப்பட்டால், இறங்கும்போது சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6.00. அமெரிக்கக் கோடைக் காலத்தில் நியூயார்க் நேரம் சிங்கப்பூருக்கு 12 மணி பின்தங்கியது. ஆகவே அங்கே செவ்வாய் காலை 6.00. சீட்டில் எழுதியிருப்பது இந்த நேரமே. புறப்பாடு ஓர் ஊர்க் கடிகாரத்தில், வருகை மற்றோர் ஊர்க் கடிகாரத்தில். இரண்டையும் கழிப்பது, ரிங்கிட்டிலிருந்து டாலரைக் கழிப்பது போன்றதே.

திரும்பும் பயணம் 18 மணி 40 நிமிடம் என்க. நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30க்குப் புறப்பட்டால், அவ்வூர்க் கணக்கில் செவ்வாய் மாலை 5.10, சிங்கப்பூரிலோ புதன் காலை 5.10. கடிகாரங்களைக் கழித்தால் 30 மணி 40 நிமிடம் என்று வரும். போக ஆறரை, வர முப்பதேமுக்கால் என்றால் மாணாக்கர் சிரிப்பார்கள். ஆனால் அவ்விரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 37 மணி 10 நிமிடம். உண்மையான நேரங்களாகிய பதினெட்டரையையும் 18 மணி 40 நிமிடத்தையும் கூட்டினாலும் அதே 37 மணி 10 நிமிடம். போகும்போது கழிந்த பன்னிரண்டு மணி வரும்போது கூடிவிடுவதால், நேர வேற்றுமை என்னவென்றே அறியாத ஒருவரும், இரு வழிச் சீட்டுகளையும் வைத்துக் கூட்டிப் பாதியாக்கினால் ஒரு வழிப் பயணத்தின் சராசரியைக் கண்டுவிடலாம். இதனை வகுப்பிற் செய்து காட்டினால் மறக்கமாட்டார்கள்.

தேதிக்கும் இதே விளையாட்டு உண்டு. மெகல்லன் தொடங்கிய உலகப் பயணத்தின் எஞ்சிய மாலுமிகள் 1522ஆம் ஆண்டு ஜூலையில் கேப் வெர்டு தீவுகளை அடைந்தபோது, அவர்கள் குறிப்பேட்டில் புதன்கிழமை, கரையிலோ வியாழக்கிழமை. ஒரு நாளும் தவறாமல் எழுதி வந்தவர்களுக்கு ஒரு நாள் எங்கே தொலைந்தது என்று விளங்கவில்லை. அவர்கள் மேற்கு நோக்கியே உலகைச் சுற்றியதனால், வீட்டிலிருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயத்தைக் குறைவாகக் கண்டிருந்தனர். கிழக்கு நோக்கிச் சென்று கிழக்கு நோக்கியே திரும்பும் விமானப் பயணி இதற்கு நேர்மாறாக ஓர் உதயத்தைக் கூடுதலாகக் காண்கிறார். பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடக்கும்போது நாட்காட்டியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளுவது அதை ஈடுசெய்யவே.

நேர வேற்றுமையைக் கற்பிப்போர் இரண்டு இடங்களில் விழிப்பாய் இருத்தல் வேண்டும். முதலாவது, அமெரிக்கர் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் திரும்பப் பின்னே இழுப்பர். ஆகவே நியூயார்க்குக்கும் இங்குள்ள நேரத்துக்கும் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி வேற்றுமை. மற்றொன்று இங்கேயே நிகழ்ந்தது. மேற்கு மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னர் கிரீனிச் நேரத்துக்கு ஏழரை மணி முந்தியிருந்தன. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்குக் கடிகாரங்கள் நள்ளிரவு 12க்குத் திருப்பப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்துப்போகும்படி வேற்றுமை எட்டு மணியாயிற்று. 1982க்கு முந்திய பூகோள நூலைக் கையில் வைத்துக்கொண்டு விமான நேரத்தைக் கணக்கிடுவோருக்கு விடை எப்போதும் அரைமணி பிசகியே வரும்.